கிணற்றடியில் கேட்ட கவிதை

கேள்வி: இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதி சங்க இலக்கிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம் வாங்கியது ஒரு கிரேக்க மொழிப் பேராசிரியரிடமாமே! தமிழ் ஆய்வுக்கு அவர் எப்படி வழிகாட்டினார்?

பதில்: கல்லூரி நாட்களில் எனக்கும் இதே சந்தேகம். அந்தப் பேராசிரியர், பர்மிங்ஹாமில் இருந்த ஜார்ஜ் தாம்சன். 1903இல் லண்டனில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படித்தவர். ஏடும் அகராதியுமாகவே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் 1923இல் அயர்லாந்தின் மேற்குக் கோடியிலுள்ள பிளாஸ்கெட் தீவுக்குப் போனார். மீனவர்களோடு பழகி, ஐரிஷ் மொழியைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டார். அப்புறம் அயர்லாந்தின் கால்வே நகரில் கிரேக்கத்தை ஐரிஷ் வழியாகவே கற்பித்தார். கொஞ்சம் கிறுக்குத்தான்! பிறகு இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பேராசிரியர் ஆனார்.

'மார்க்சியமும் கவிதையும்' என்ற அவருடைய சிறு நூலில் ஓர் இடம் உண்டு. ஓர் ஐரிஷ் கிராமத்துக் கிணற்றடி, மாலை நேரம். வாளிகளை நிரப்பிவிட்டு ஒரு கிழவி கடலைப் பார்த்து நிற்கிறாள். கணவன் இல்லை, ஏழு மகன்களும் அமெரிக்காவில். அவளையும் வரச்சொல்லி ஒரு மகன் கடிதம் போட்டிருக்கிறான். பேசப் பேச அவள் பேச்சில் தாளம் ஏறுகிறது, உடம்பு தொட்டிலாட்டுவது போல அசைகிறது. பிறகு சிரித்தபடி வாளிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். நம் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

இப்படிக் கேட்டுப் பழகிய காதுதான் தாம்சனிடம் இருந்தது. கிரேக்கக் காவியக் கவி ஹோமரின் வீரன் அகிலீஸ் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் 'விரைகால்' அகிலீஸ்தான். வாயால் பாடியவர்களுக்குத் தயார்த் தொடர்கள் வேண்டியிருந்தன என்று ஹோமரை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி விளக்கியிருந்தார். கைலாசபதி அதே கண்ணோடு புறப்பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களைப் பார்த்தார். ஆய்வு 1968இல் ஆங்கிலத்தில் நூலானது. தமிழை அவர் கொண்டுபோனார். கேட்கும் முறை அங்கே கிடைத்தது.

கேள்வி: தாம்சன் சொன்னதெல்லாம் இன்றும் நிற்குமா?

பதில்: நிற்காது. ஆதித் தாய்வழிச் சமூகம் பற்றி அவர் அடித்துச் சொன்ன பலவற்றை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. சங்கப் பாடல்கள் வாய்மொழியாகவே பிறந்தவை என்ற கைலாசபதியின் முடிவுக்கும் எதிர்ப்பு உண்டு. பாணர் பாணியைப் பின்பற்றிப் புலவர்கள் இயற்றியவை என்பது அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட்டின் கட்சி. என் ஓட்டு ஹார்ட்டுக்குத்தான். இருந்தாலும் அந்தக் கிணற்றடிப் பக்கத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை.