255.255.255.192 என்ற மாஸ்க்கில் 64 முகவரிகள் எப்படி வருகின்றன?

256 இலிருந்து 192 ஐக் கழித்தால் பிளாக்கின், அதாவது முகவரித் தொகுதியின், அளவு 64 என்று சொல்லித் தருகிறார்கள், ஆனால் ஏன் கழிக்க வேண்டும், அந்த 64 முகவரிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது விளங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்தக் கழித்தலை மனப்பாடம் செய்தே தேர்வில் தேறினேன்; காரணம் புரிந்தது, வேலைக்குப் போய் ஒரு பிரிண்டரிடம் மாட்டிக்கொண்ட பிறகுதான்.

ஐபி பதிப்பு 4 முகவரி என்பது 32 பிட் நீளமுள்ள ஒரே எண். நம் வசதிக்காக எட்டெட்டு பிட்டுகளாக வெட்டிப் புள்ளி வைத்து எழுதுகிறோமே தவிர, கணினிக்கு அந்தப் புள்ளிகள் கிடையாது. மாஸ்க்கும் 32 பிட்டுகள்தான். அதில் 1 நிற்கும் இடமெல்லாம் நெட்வொர்க்கின் பகுதி, 0 நிற்கும் இடமெல்லாம் தனிக் கணினியின் பகுதி. 192 ஐ இரும எண்ணாக எழுதினால் 11000000 என்று வரும். கடைசி ஆறு பிட்டுகளில் 0 முதல் 63 வரை எழுதலாம் என்பதால் மொத்தம் 64 முகவரிகள். எட்டு பிட்டுகளும் சேர்ந்து 256 எண்களைத் தரும் நிலையில், 1கள் கூடக்கூட மாஸ்க்கின் மதிப்பு ஏறி எஞ்சுவது குறைகிறது. கழித்தல் அந்த எச்சத்தைக் காட்டும் குறுக்குவழி மட்டுமே.

தொடக்கம் எங்கே என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 192.168.10.100/26 என்பதில் /26 என்றால் மாஸ்க்கின் முதல் 26 பிட்டுகள் 1, அதாவது நம் 255.255.255.192 தான்; 100 இன் இரும வடிவம் 01100100. மாஸ்க்கின் 1களுக்கு நேரே உள்ள 01 ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை 0 ஆக்கினால் 64 கிடைக்கிறது. ஆகவே அந்த பிளாக் 64 முதல் 127 வரை. முதலாவது நெட்வொர்க்கின் முகவரி, கடைசியானது பிராட்காஸ்ட் (அந்த நெட்வொர்க்கில் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்கான முகவரி), கணினிகளுக்கு எஞ்சுவன 62. (இரண்டு ரூட்டர்களை மட்டும் இணைக்கும் /31 இல் இந்த இரண்டைக் கழிப்பதில்லை, 2000 இல் வந்த ஆர்எஃப்சி 3021 என்ற இணையத் தரநிலை ஆவணம் அதற்கு இடம் தந்தது.) 50 இலிருந்து 64 முகவரிகள் வேண்டும் என்று யாராவது கேட்டால் ஒரே பிளாக்காகக் கொடுக்க இயலாது, ஏனெனில் தொடக்க முகவரியின் கடைசி ஆறு பிட்டுகளும் 0 ஆக இருந்தாக வேண்டும்; 64 இன் மடங்குகளில் மட்டுமே அது நடக்கும்.

இனி அந்தப் பிரிண்டர். ஓர் அலுவலகத்தில் 192.168.10.0 ஐ இரண்டு /25 களாகப் (0 முதல் 127, 128 முதல் 255) பிரித்திருந்தார்கள். முகவரி 40 இல் முடியும் கணினியில் இணையம் நன்றாக வந்தது, 200 இல் முடியும் பிரிண்டர் மட்டும் கிடைக்கவில்லை. கேபிளை மாற்றி, டிரைவரை மீண்டும் நிறுவி அரை நாளைத் தொலைத்த பின்புதான், அந்தக் கணினியில் மட்டும் மாஸ்க் 255.255.255.0 என்றிருப்பதைக் கவனித்தேன். பிரிண்டரும் தன் நெட்வொர்க்கிலேயே இருப்பதாக நம்பிய கணினி, பொட்டலத்தைக் கேட்வேயிடம் (பிற நெட்வொர்க்குகளுக்கு அனுப்பிவைக்கும் ரூட்டர்) ஒப்படைக்காமல் ஏஆர்பி (ஓர் ஐபி முகவரி யாருடையது என்று தன் நெட்வொர்க்குக்குள் கேட்டறியும் முறை) மூலம் நேரடியாகத் தேடிக்கொண்டிருந்தது; அந்தத் தேடல் ரூட்டரைத் தாண்டி மறுபாதிக்குப் போகவே இல்லை. 255.255.255.128 என்று திருத்தியதும் அச்சு வந்தது. முகவரியின் தொடக்க எண்ணைக் கொண்டே மாஸ்க்கை முடிவுசெய்த ஏ, பி, சி வகுப்புகள், மாஸ்க்கை எந்த நீளத்திலும் வைக்கவிடும் சிஐடிஆர் முறை 1993 இல் வந்ததோடு வழக்கொழிந்த பின்னும், 192 இல் தொடங்கினால் 255.255.255.0 என்று கை தானாக எழுதிவிடுகிறது.

மாஸ்க்கின் 1கள் மூன்றாம் எண்ணிலேயே முடிந்தாலும் கணக்கு இதுவே. 172.16.37.5/20 இன் மாஸ்க் 255.255.240.0, 256 இலிருந்து 240 போக 16, 37 க்கு மேற்படாத 16 இன் மடங்கு 32. எனவே பிளாக் 172.16.32.0 இல் தொடங்கி 172.16.47.255 இல் முடிகிறது, மொத்தம் 4,096 முகவரிகள். இதற்கு நடுவில் வரும் 172.16.40.255 பார்வைக்குப் பிராட்காஸ்ட் போலத் தோன்றினாலும், அதை ஒரு கணினிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.