எல்லாம் தெரிந்தும் ‘நமக்கு வராது’ என்கிறானே?

கேள்வி: மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். பள்ளியில் எச்ஐவி பற்றி வகுப்பு எடுத்தார்கள். எதைக் கேட்டாலும் சரியாகச் சொல்கிறான். ஆனால் கூட்டாளியிடம் போனில், “ஒரு தபா தானே, ஒண்ணும் ஆவாது. நமக்கெல்லாம் வராதுடா” என்றது காதில் விழுந்தது. நான் பேசினால் தூண்டிவிட்டதுபோல் ஆகிவிடுமா?
— ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: ஆகாது, சகோதரி. பாலியல் கல்வி கொடுப்பதால் பிள்ளைகள் சீக்கிரமே உடலுறவைத் தொடங்குவதில்லை என்கிறது யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி.

1950-களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே எடுத்தும் பலர் வரவில்லை. காரணம் தேடிய உளவியலாளர்கள், மனதுக்குள் ஓடும் ஒரு கணக்கைக் கண்டார்கள். எனக்கு வருமா? வந்தால் எவ்வளவு மோசம்? தடுத்தால் என்ன பலன்? தடுக்க என்ன தடை? ‘என்னால் முடியுமா’ என்பதும் பின்னால் சேர்ந்தது. பள்ளி வகுப்புகள் பெரும்பாலும் ‘எவ்வளவு மோசம்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. உங்கள் மகன் தடுக்கி நிற்பது முதல் கேள்வியில். அங்கே பயமுறுத்தல் எடுபடாது.

‘ஒரு தடவை’ என்பதற்குக் காரணத்தோடு பதில் சொல்லுங்கள். விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். இந்த வயதில் மாதவிலக்கு முன்பின்னாக வருவதால் நாள் கணக்கும் பொய்க்கும். முதல் தடவையே கரு தரிக்கலாம். எச்ஐவி இருப்பவர் பல ஆண்டுகள் ஆரோக்கியமாகவே தெரிவார். தொற்றிய முதல் சில வாரங்களில் பரிசோதனையில்கூடத் தெரியாமல் போகலாம்.

தேவையில்லாத பயமும் உண்டு. தூக்கத்தில் விந்து வெளியேறினால் நரம்புத் தளர்ச்சி வரும் என்று சுவரொட்டி சொல்வதை நம்பிப் பையன்கள் பணத்தைத் தொலைக்கிறார்கள். அது வளர்ச்சியின் இயல்பு, பலவீனம் வராது.

உட்காரவைத்து உபதேசம் வேண்டாம். பஸ்ஸிலோ நடந்து போகும்போதோ பத்து நிமிஷம் போதும். “யாருக்கு வரும்னு நீ நினைக்கிற?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். “நீயெல்லாம் ஆம்பளையா” என்று கூட்டாளி சீண்டினால் என்ன சொல்வான் என்றும் கேளுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால்தான் அந்த நேரத்தில் வரும். 18 வயது ஆகாத பெண்ணின் சம்மதம் 2012 போக்சோ சட்டத்தில் செல்லாது, பையனுக்கும் 18 ஆகாவிட்டால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும் என்பதையும் மறைக்க வேண்டாம்.

1097 என்ற எச்ஐவி உதவி எண் அவன் போனில் இருக்கட்டும். ஸ்டான்லி மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம், ரகசியம். ஆனால் 18 ஆகாதவருக்குப் பரிசோதனை செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளைக்குப் பெரிய தடையே அதுதான். பாதுகாப்பில்லாத உடலுறவு நடந்துவிட்டால், எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். அம்மாவுக்குப் பயந்தே அந்த மூன்று நாள் போய்விடும். அதனால், “எது நடந்தாலும் அன்னிக்கே சொல்லு, நான் கூட வரேன்” என்று இப்போதே சொல்லிவையுங்கள்.