ரேக்கில் சாயும் ஸ்விட்ச்

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் மொத்தக்கடை. சுவர் ரேக்கில் மாட்டிய 24 போர்ட் ஸ்விட்ச் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் பெட்டி) ஒரு பக்கம் சாய்கிறது. மதியமானால் நெட்வொர்க்கும் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: ரேக்கின் உயர அளவான ஒரு யூ 44.45 மி.மீ.; அதில் மூன்று துளைகள். ஒருபுறம் கேஜ் நட் (துளையில் செருகி, திருகைப் பிடிக்கும் நட்) ஒரு துளை தள்ளி விழுந்தாலே சாயும். இருபுறமும் மேல், கீழ்த் துளைகளில் நட் போட்டு, நான்கு திருகுகளையும் லேசாகப் பிடித்து, மட்டம் பார்த்தபின் இறுக்குங்கள். எர்த் கம்பி கட்டாயம்.

மதியம் நிற்பதற்குச் சூடே முதல் சந்தேகம். பல மாடல்களுக்குக் காற்றுத்துளை பக்கவாட்டில்தான். கேபிள் கட்டு அதை அடைத்தால் சித்திரை வெயிலில் தாங்காது. மேலே ஒரு யூ காலி விடுங்கள், தூசி தட்டுங்கள்.

விளக்குகள் எல்லாம் ஒருசேரப் படபடத்தால் காரணம் பெரும்பாலும் சூடல்ல, லூப்; அதாவது தகவல் நெட்வொர்க்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. ஒரே கேபிளின் இரு முனையும் அதே ஸ்விட்ச்சில் இருக்கலாம். உருவிவிட்டு, செட்டிங்கில் லூப்பைத் தடுக்கும் ஆர்எஸ்டிபியை ஆன் செய்யுங்கள்.