பழைய பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் மூன்று வருஷம் தையல் பிரிவில் இருந்தேன். இப்போது ராணிப்பேட்டையில் வேறு கம்பெனி; சேர்ந்து ஒன்றரை வருஷம். பழைய பி.எஃப். கணக்கில் 62,000 ரூபாய் இருக்கிறது. எடுத்தால் வரி பிடிப்பார்களா?
– வாசகி, மேல்விஷாரம்

பதில்: பிடிப்பார்கள். ஐந்து வருஷ சர்வீஸ் முடியாமல் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி); பான் எண் இணைக்காவிட்டால் 20 சதவீதம். உங்களுக்கு 6,200 அல்லது 12,400 ரூபாய் போகும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

ஆனாலும் எடுக்காதீர்கள் அம்மா. புதுக் கணக்குக்கு மாற்றினால் இரண்டு சர்வீஸும் சேர்ந்து, ஆறே மாதத்தில் ஐந்து வருஷம் நிறையும். பிறகு வரி கிடையாது. 58 வயதில் பென்ஷன் வாங்கவும் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும்; பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த மூன்று வருஷம் கணக்கில் வராது.

மாற்றும்போது பெரும்பாலும் சிக்குவது இரண்டு இடத்தில். பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்திருக்காது. பி.எஃப். உறுப்பினர் போர்ட்டலில் (இணையதளத்தில்) 'மேனேஜ்' பகுதிக்குள் 'மார்க் எக்சிட்' போய் நீங்களே போடலாம். சம்பளச் சீட்டைப் பார்த்துச் சரியான தேதியைப் போடுங்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு. இன்னொன்று இனிஷியல். கல்யாணத்துக்குப் பின் ஆதாரில் கணவர் இனிஷியல், பி.எஃப்.பில் அப்பா இனிஷியல் என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.