பிழை குறைந்தவர்தான் சிறந்த ஃபீல்டரா?

கேள்வி: மேஜர் லீக் பேஸ்பாலில் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஒருவரின் ஃபீல்டிங் சதவீதம் (பிழையின்றி முடித்த வாய்ப்புகளின் பங்கு) .984, இன்னொருவருடையது .970. ஆனால் புதிய அளவீடுகள் இரண்டாமவரையே சிறந்தவர் என்கின்றன. எதை நம்புவது?

பதில்: நான் இரண்டாமவர் பக்கமே சாய்வேன். ஆனால் அவருடைய எண்கள் ஒரே ஆண்டுக்கு உரியவை என்றால், அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஃபீல்டிங் சதவீதம், ஆட்டக்காரர் கைக்கு எட்டிய பந்துகளை மட்டுமே கணக்கில் கொள்கிறது. மூன்றாம் பேஸுக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் நடுவே ஒரு பந்து தரையோடு சீறி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பாய்ந்து விழுந்து அதைக் கையுறையில் அடக்கி, எழுந்து அவசரமாக எறிகிறார். பந்து முதல் பேஸைத் தாண்டி ஓட, அடித்தவர் இரண்டாம் பேஸை எட்டிவிடுகிறார். பிழை அவர் பெயரில் ஏறுகிறது. அரை நொடி தாமதமாகக் கிளம்பிய மற்றவரோ பந்தைத் தொடவே இல்லை. அது வெறும் சிங்கிள் (அடித்தவர் முதல் பேஸை எட்டும் அடி), அவர் பெயரில் ஒரு கறையும் இல்லை. நியூயார்க் யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டர், சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் விருதை 5 முறை பெற்றவர். எவ்வளவு தூரத்துப் பந்துகளை எட்டுகிறார் என்பதைக் கணக்கிடும் அளவீடுகளோ அவரைத் தம் காலத்து ஷார்ட்ஸ்டாப்களின் கடைசி வரிசையில் வைக்கின்றன.

நீங்கள் சொன்ன இரு ஆட்டக்காரர்களுக்கும் தலா 500 வாய்ப்புகள் கிடைத்திருந்தால், பிழைகள் முறையே 8, 15. வேறுபாடு வெறும் 7. இரண்டாமவர், மற்றவருக்கு எட்டாத 20 பந்துகளை அவுட் ஆக்கியிருந்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

2015 முதல் எல்லா மைதானங்களிலும் இயங்கும் ஸ்டாட்காஸ்ட் என்ற கண்காணிப்பு அமைப்பு, ஆட்டக்காரர் நின்ற இடம், ஓட வேண்டிய தூரம், கிடைத்த நேரம் ஆகியவற்றை நேரடியாகவே அளக்கிறது. அதன் அவுட்ஸ் அபவ் ஆவரேஜ் (சராசரியை விடக் கூடுதலான அவுட்கள்) கணக்கில், அவுட் ஆக 25 சதவீத வாய்ப்புள்ள பந்தை அவுட் ஆக்கினால் 0.75 கூடும், விட்டால் 0.25 குறையும். எனக்கு இது மிக நேர்மையான அணுகுமுறையாகத் தோன்றுகிறது.

ஆயினும், அடிக்கப்படும் பந்துகளில் பெரும்பாலானவை யாரும் பிடிக்கக்கூடியவை, அல்லது யாராலும் பிடிக்க முடியாதவை. திறமையைப் பிரித்துக் காட்டுபவை நடுவில் இருக்கும் சில பந்துகளே. அவற்றில் நாலைந்து இப்படியோ அப்படியோ போனாலே ஓராண்டின் எண் மாறிவிடும். மைதானமும் குறுக்கிடும்: பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தின் 37 அடி உயர இடப்பக்கச் சுவரில் மோதித் திரும்பும் பந்துகளை, முறையாகத் திருத்தாத ஒரு கணக்கு இடப்பக்க ஃபீல்டர் தவறவிட்டவையாகவே எண்ணிவிடும்.

ஆகவே மூன்று ஆண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். டிஃபென்சிவ் ரன்ஸ் சேவ்டு (ஃபீல்டிங்கால் தடுத்த ரன்கள்) அளவீடும் அதே திசையில் இருந்தால் தயங்காமல் நம்பலாம். முரண்பட்டால் அவரைச் சராசரிக்கு அருகிலேயே வைத்து, அடுத்த ஆண்டு எண்கள் வரும்வரை காத்திருங்கள்.