எல்.எல்.எம். சந்தேகங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பைப் பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சட்டம் முடித்து மூன்று வருடமாக வழக்கறிஞராக இருக்கிறேன் சார். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், ஹார்வர்டு மூன்றில் எல்.எல்.எம்.முக்கு எது பெஸ்ட்?

பதில்: எதைப் படிக்கப் போகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! அது தெரியாமல் இதற்குப் பதில் சொல்லி என்ன பிரயோஜனம்? ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இது ஒரு கல்வியாண்டுப் படிப்பு, மொத்தமே நாலு பாடம். அந்த நாலும் எவை, அவற்றை யார் நடத்துகிறார்கள், நீங்கள் சேரும் வருடம் அவர் இருப்பாரா என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் வருடம் அமையும். பேராசிரியர்கள் ஆராய்ச்சி விடுப்பில் போவது சர்வ சாதாரணம். யாரை நம்பி விண்ணப்பித்தாரோ அவர் அந்த வருடம் வகுப்பே எடுக்கவில்லை என்று போய் இறங்கிய பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் எப்போதும் உண்டு. துறையின் இணையதளத்தில் பாடப் பட்டியலைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலும் பதில் வரும்.

மற்றபடி மூன்றும் மூன்று விதம். ஆக்ஸ்போர்டில் நீங்கள் தேடும் பட்டத்துக்குப் பெயர் பி.சி.எல். பெயரில் இளங்கலை மாதிரி இருக்கும், ஆனால் முதுகலை நிலைப் பட்டம்தான், அதுவும் கடுமைக்குப் பெயர்போனது. பொதுச் சட்ட மரபில், அதாவது இங்கிலாந்து வழி வந்த முறையில், படித்தவர்களுக்கு அது. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளின் மரபில் படித்தவர்கள் அதே பாடங்களை எம்.ஜூர். என்ற பட்டத்துக்காகப் படிப்பார்கள். கேம்பிரிட்ஜ் எல்.எல்.எம். அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடிந்துவிடும். ஹார்வர்டில் வருடத்துக்குச் சுமார் 180 பேர், அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வருகிறவர்கள். பாடங்கள் ஏராளம், பருவத்துக்குப் பருவம் மாற்றி எடுக்கலாம். சட்ட ஆசிரியராகப் போகிற எண்ணம் இருந்தால் யேல் பக்கம் பாருங்கள், அங்கே எல்.எல்.எம். வகுப்பில் ஏறக்குறைய 25 பேர்தான், அவர்களையும் பெரும்பாலும் கற்பிக்கப் போகிறவர்களாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

ஆனால் உங்கள் ஆர்வம் விண்வெளிச் சட்டம் என்றால் இந்த நாலு பேரையும் மறந்துவிட்டு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம். சர்வதேச நடுவர் தீர்ப்பாயம், அதாவது நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தகராறைத் தீர்க்கும் முறை, என்றால் ஸ்டாக்ஹோமிலும் ஜெனீவாவிலும் அதற்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. அந்தத் துறையில் வேலை கொடுக்கிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் நன்றாகவே தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: என் மதிப்பெண்கள் பரவாயில்லை ரகம். விண்ணப்பக் கட்டுரையை நன்றாக எழுதினால் இடம் கிடைக்குமா?

பதில்: நேராகவே சொல்கிறேன். ஆக்ஸ்போர்டு பி.சி.எல். மாதிரி இடங்களில் முதல் வகுப்பு, அதுவும் வகுப்பில் முன்வரிசை என்பதுதான் முதல் வடிகட்டி. கட்டுரை எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அதைத் தாண்டுவது கஷ்டம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் அகலமாகப் பார்க்கும். நீங்கள் நடத்திய வழக்குகள், எழுதிய கட்டுரைகள், வேலை செய்த துறை எல்லாமே அங்கே கணக்கில் வரும். மதிப்பெண் சுமார் என்றால் இரண்டு மூன்று வருடம் ஒரே துறையில் ஊன்றி வேலை செய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கட்டுரையைப் பற்றி ஒன்று. உங்கள் வரைவையும் அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். “சிறு வயதிலிருந்தே நீதியின்மீது எனக்குத் தீராத தாகம்” என்று தொடங்குகிறது. அடித்துவிடுங்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர் அன்றைக்கு மட்டுமே அந்தத் தாகத்தைப் பல பேரிடம் பார்த்திருப்பார். மூன்றாவது பத்தியில் நீங்களே அறியாமல் நல்ல விஷயம் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: வாடகைக் கார் செயலிகளில் ஓட்டுகிறவர் தொழிலாளியா, சுயதொழில் செய்பவரா என்ற வழக்கில் உதவியாளராக இருந்ததையும், இரண்டு தரப்பும் ஒரே ஒப்பந்தப் பிரிவைத் தங்களுக்குச் சாதகமாகக் காட்டியதையும். அதிலிருந்தே தொடங்குங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை நீதிமன்றம் எப்போது ஒதுக்கிவிட்டு நிஜத்தில் நடப்பதைப் பார்க்கலாம் என்பது உங்கள் கேள்வி. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021-இல் ஊபர் வழக்கில் இதைத்தான் பேசியது. அந்தத் தீர்ப்பில் உங்களுக்கு எது திருப்தி தரவில்லை என்று இரண்டு வரி எழுதினால், முழு வரைவையும்விட அது அதிகம் பேசும்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய மனிதர்களைத் தேடி அலையாதீர்கள். நீங்கள் எழுதிய கட்டுரையைத் திருத்திய உதவிப் பேராசிரியரின் ஒன்றரைப் பக்கம், உங்களை ஒரு விழாவில் பார்த்த ஓய்வுபெற்ற நீதிபதியின் நாலு வரியைவிட மேல். ஆக்ஸ்போர்டு மூன்று கடிதம் கேட்கும், அதனால் கேட்க வேண்டியவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி: ஜி.ஆர்.இ., எல்சாட் நுழைவுத் தேர்வுகள் எழுத வேண்டுமா?

பதில்: பெரும்பாலான எல்.எல்.எம். படிப்புகளுக்கு வேண்டாம். எல்சாட் அமெரிக்காவின் அடிப்படைச் சட்டப் பட்டமான ஜே.டி.க்கானது. ஆங்கிலத் தேர்வுதான் முக்கியம். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் மொத்தத்தில் 7.5 எதிர்பார்க்கின்றன. ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு விலக்கு உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், ரொம்ப முன்னாலேயே எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: எல்.எல்.எம். முடித்தால் அந்த நாட்டிலேயே வக்கீலாகலாமா? ஒரு ஆலோசனை நிறுவனத்தில் “கண்டிப்பாக” என்றார்கள்.

பதில்: “கண்டிப்பாக” என்று சொன்னவரிடம் அதை எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறும். பட்டம் வேறு, உரிமம் வேறு. இங்கிலாந்தில் எல்.எல்.எம். மட்டும் வைத்துக்கொண்டு சொலிசிட்டர் (அங்குள்ள ஒரு வகை வழக்கறிஞர்) ஆக முடியாது. 2021-இல் வந்த எஸ்.க்யூ.இ. தேர்வின் இரண்டு கட்டங்களையும் தாண்ட வேண்டும், அதோடு இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும். ஏற்கெனவே வேறு நாட்டில் வழக்கறிஞராகத் தகுதி பெற்றவர்களுக்கு அந்த அனுபவ நிபந்தனை இல்லை, தேர்வில் சில பகுதிகளுக்கு விலக்கும் கேட்கலாம். நீங்கள் இந்த ரகம் என்றால் எல்.எல்.எம். இல்லாமலேயே அதை எழுதலாம்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. வெளிநாட்டில் படித்தவர்கள் அதிகம் போவது நியூயார்க். அங்கேயும் எல்லா எல்.எல்.எம்.மும் செல்லாது: குறைந்தது 24 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) இருக்க வேண்டும், அதில் தொழில் நெறி, சட்ட ஆராய்ச்சியும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட அறிமுகம் என்று சில பாடங்கள் கட்டாயம். இது தெரியாமல் பிடித்த பாடமாக எடுத்து வருடத்தை முடித்துவிட்டுப் பிறகு தலையில் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். பொதுச் சட்ட நாட்டில் போதிய காலம் முழுநேரமாகச் சட்டம் படித்திருந்தால் எல்.எல்.எம். இல்லாமலேயே நியூயார்க் தேர்வு எழுத அனுமதி கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் உங்கள் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், அப்புறம் கடன் வாங்கலாம்.

கேள்வி: இளங்கலையில் நோட்ஸ் படித்தே பாஸ் பண்ணியவள் நான். அங்கே வகுப்பு எப்படி இருக்கும்? பயமாக இருக்கிறது.

பதில்: உண்மையைச் சொன்னதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வகுப்புக்கு முன்பே வாசிப்புப் பட்டியல் வந்துவிடும். ஒரு வாரத்து ஒரு பாடத்துக்கே ஐந்தாறு தீர்ப்புகள், நாலைந்து ஆய்வுக் கட்டுரைகள் இருக்கலாம். அமெரிக்காவில் என்றால் தடிமனான வழக்குத் தொகுப்பும், பெயர் சொல்லி எழுப்பிக் கேட்கிற பழக்கமும். வழக்குகளை வைத்தே சட்டம் கற்பிக்கும் இந்த முறையை 1870-இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் முதல்வரான லாங்டெல் கொண்டுவந்தார், அதன் நிழல் இன்னும் போகவில்லை.

வாசிப்பின் அளவைவிட வாசிக்கும் விதம்தான் மாற வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த சாலமன் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், 1897-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வந்தது. பூட்ஸ் தயாரிப்பவர், தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். பங்குதாரர்கள் அவரும் குடும்பத்தாரும். கம்பெனி நொடித்தது. கம்பெனி வேறு, அதன் உரிமையாளர் வேறு, கம்பெனியின் கடனுக்கு அவர் பொறுப்பில்லை என்று அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. இளங்கலையில் இதோடு கதை முடிந்தது, பரீட்சையில் பத்து மார்க்.

எல்.எல்.எம். வகுப்பில் இதை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிட்டுப் பேராசிரியர் கேட்பார்: கம்பெனிக்குக் கடன் கொடுத்த வங்கி, இயக்குநரிடம் தனிப்பட்ட உத்தரவாதம் வாங்கிக்கொள்ளலாம், வட்டியைக் கூட்டிக்கொள்ளலாம். அந்தக் கம்பெனியின் லாரி மோதிக் கால் போனவர் முன்கூட்டி யாரிடம் பேரம் பேசியிருக்க முடியும்? அப்படியானால் அவருக்கும் வங்கிக்கும் ஒரே விதி ஏன்? யாரோ ஒருவர் காப்பீட்டைக் கட்டாயமாக்கலாம் என்பார். இன்னொருவர், காப்பீட்டுத் தொகை போதாவிட்டால் என்பார். பிரேசிலிலிருந்து வந்தவர் எங்கள் நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றங்கள் கம்பெனித் திரையை, அதாவது கம்பெனிக்கும் உரிமையாளருக்கும் நடுவில் உள்ள தடுப்பை, இதைவிட எளிதாக விலக்குமே என்பார். இரண்டு மணி நேரம் போயிருக்கும், விடை வந்திருக்காது. பரீட்சையிலும் இந்த ரகக் கேள்விதான். “தீர்ப்பை விளக்குக” என்று கேட்க மாட்டார்கள்.

அதனால் இப்போதிருந்தே ஒன்று செய்யுங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு முழுத் தீர்ப்பு படியுங்கள், மேலே சுருக்கமாகத் தரும் தலைக்குறிப்பைத் தவிர்த்துவிட்டு. பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத நீதிபதியின் மாறுபட்ட தீர்ப்பு இருந்தால் அதை முதலில் படியுங்கள், பெரும்பான்மைத் தீர்ப்பில் எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். படித்து முடித்ததும் அரைப் பக்கம்: இந்த விதியால் யாருக்கு நஷ்டம், அவர் தப்பிக்க வழி இருந்ததா. கம்ப்யூட்டரில் வேண்டாம், கையால் எழுதுங்கள் என்பேன், அது என் பிடிவாதம், விட்டுவிடுங்கள். நோட்ஸில் பாஸ் பண்ணியவர்களால் முடியாத காரியம் இல்லை இது. முதல் பருவத்தில் எல்லோருமே திணறுவார்கள், வாயைத் திறந்து சரளமாகப் பேசுகிறவர்கள் உட்பட.

கேள்வி: பணம்தான் பிரச்சினை. முழு உதவித்தொகை நிஜமாகவே கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், போட்டி கடுமை, நிபந்தனைகளும் உண்டு. ஆக்ஸ்போர்டின் கிளாரண்டன் நிதிக்குத் தனி விண்ணப்பமே கிடையாது, குறித்த கெடுவுக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தால் தானாகவே பரிசீலிப்பார்கள். ஆகவே கெடு நாளைத் தவறவிட்டால் இடம் கிடைத்தும் பணம் கிடைக்காமல் போகலாம். கேம்பிரிட்ஜுக்குக் கேட்ஸ் உதவித்தொகை இருக்கிறது, பிரிட்டன் குடிமக்கள் தவிர மற்றவர்களுக்கு. பிரிட்டன் அரசின் செவனிங் வேண்டுமானால் இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட்டிலும் இதேபோல் இரண்டு வருட விதி உண்டு. அங்கேயே வேலை தேடும் திட்டம் வைத்துக்கொண்டு இவற்றுக்கு விண்ணப்பிப்பது உங்களுக்கே வம்பு. ஹார்வர்டு போன்ற இடங்களில் குடும்பப் பொருளாதார நிலையைப் பார்த்து மானியமும் கடனும் தருவார்கள்.

எதுவும் கிடைக்கவில்லை, முழுக்கக் கடன்தான் என்றால் ஒரு வருடம் தள்ளிப்போட்டு மறுபடி முயலுங்கள். வெளிநாட்டு வேலையை நம்பிக் கடன் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை, எல்.எல்.எம். முடித்தவர்களுக்கு அங்கே வேலைச் சந்தை ஜே.டி. முடித்தவர்களுக்கு இருப்பதுபோல் இல்லை.

கேள்வி: மகள் இளங்கலை முடித்த கையோடு போகிறேன் என்கிறாள். இரண்டு வருடம் வேலை பார்க்கட்டும் என்பது என் எண்ணம். யார் சொல்வது சரி?

பதில்: மகள் கற்பிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ போகிறாள் என்றால் மகள் சொல்வது சரி. இளங்கலை முடித்ததும் நேரே பி.சி.எல். போகிறவர்கள் நிறைய. ஹார்வர்டில் எல்.எல்.எம். முடித்து அங்கேயே ஆராய்ச்சிப் பட்டமும் பெற்று, பிறகு இந்தியாவின் தலைமை நீதிபதியான டி.ஒய். சந்திரசூட்டும் இளம் வயதிலேயே அதை முடித்தவர்தான். வழக்காடுவதோ கம்பெனிச் சட்ட வேலையோதான் குறி என்றால் நீங்கள் சொல்வது சரி, வேலையில் இடித்துக்கொண்ட கேள்விகளோடு போகிறவருக்கு எந்த நாலு பாடம் எடுக்க வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது. இரண்டில் எது என்று மகளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. இன்னொன்று, ஒரு வருட வெளிநாட்டுப் பட்டத்தை உங்கள் நாட்டில் ஆசிரியர் பணிக்கு ஏற்பார்களா என்பதை அங்குள்ள உயர்கல்வி அமைப்பிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.