புது பேட்டரி போட்டும் செல்ஃப் முனகுதா?

கேள்வி: என்கிட்ட 350 சிசி சிங்கிள் சிலிண்டர் வண்டி இருக்கு, போன வருஷம் கஃபே ரேசரா (பழைய ரேஸ் பைக் ஸ்டைல்ல) மாத்தினேன். பேட்டரி பாக்ஸைக் கழட்டிட்டு பேட்டரியை சீட்டோட வால் பக்கம் வெச்சாங்க, ஃப்ரேமுக்கு கருப்பு பவுடர் கோட்டிங். அதுல இருந்து செல்ஃப் அமுக்கினா உர்ர்ர்னு முனகிட்டு நின்னுடுது, சில நேரம் வெறும் டக். கிக்கர்ல ஒரே உதைல ஸ்டார்ட் ஆகுது. ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு, இப்ப செல்ஃப் மோட்டாரையே மாத்தணும்ங்கிறாங்க. மாத்தலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: கொஞ்சம் பொறுங்க தம்பி, மோட்டாரை இப்போதைக்குத் தொடாதீங்க. ஒரே உதைல ஸ்டார்ட் ஆகுதுன்னா பிளக், பெட்ரோல் எல்லாம் சரியாத்தான் இருக்கு, பெரும்பாலும் கரன்ட் தான் மோட்டாருக்கு முழுசா போய்ச் சேரல. நீங்க சொன்னதுலயே ரெண்டு ஆளு மேல எனக்கு சந்தேகம், ஒண்ணு நீளமான வயர், இன்னொண்ணு கரன்டைக் கடத்தாத அந்த பவுடர் கோட்டிங்.

செல்ஃப் அமுக்கினா அந்த ரெண்டு மூணு செகண்ட்ல நூறு ஆம்பியர் கிட்ட இழுக்கும். அவ்ளோ கரன்ட் போற பாதைல வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் காலி. பேட்டரியை வால் பக்கம் தள்ளினவங்க பெரும்பாலும் கைக்குக் கிடைச்ச 4 ஸ்கொயர் எம்எம் வயரை இழுத்து விட்டுடுவாங்க, அதுல ஒரு மீட்டருக்கு அரை வோல்ட் கிட்ட போயிடும். லைட், ஹாரனுக்கு அது போதும், அதான் யாருக்கும் சந்தேகமே வராது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்க. ராத்திரி முழுக்க சும்மா நின்ன பேட்டரி 12.6க்கு மேல காட்டணும், கம்மின்னா முதல்ல சார்ஜ் போடுங்க. அப்புறம் மீட்டரை பேட்டரி மேலயே வெச்சு செல்ஃப் அமுக்குங்க. 9.6க்குக் கீழ விழுந்தா ஒண்ணு பேட்டரி சொத்தையா இருக்கும், இல்ல மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மேல இழுக்குது. பத்துக்கு மேலயே நிக்குது, ஆனா வண்டி முனகுதுன்னா பேட்டரி மேல தப்பே இல்ல, வழியில எங்கயோ வோல்ட் காணாம போகுது. எங்கன்னு கண்டுபிடிக்க சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்லயும் கருப்பை செல்ஃப் மோட்டார் போல்ட்லயும் வெச்சு அமுக்குங்க (அமுக்குறதுக்கு முன்னாடி 12 காட்டும், பயப்படாதீங்க). அமுக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல நின்னா வயரோ ரிலேவோ (பட்டனை அமுக்கினா மோட்டாருக்கு கரன்டைத் திறந்து விடுற சுவிட்ச்) தின்னுது. அடுத்து கருப்பு பேட்டரி மைனஸ்ல, சிவப்பு இன்ஜின் பாடில பெயின்ட் இல்லாத இடத்துல, இங்க 0.2, 0.3க்கு மேல வந்தா எர்த் (கரன்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புற வழி) தான் திருடன். ஒவ்வொரு தடவையும் 5 செகண்டுக்கு மேல அமுக்காதீங்க, நடுவுல மோட்டார் ஆறட்டும்.

என் பந்தயம் எர்த் மேல தான். நானே ஒரு வண்டில ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன், கடைசில எர்த் போல்ட்டைக் கழட்டிப் பார்த்தா லக்குக்கு (வயர் நுனில இருக்கிற உலோக வளையம்) அடியில பளபளன்னு கோட்டிங், இரும்பு தெரியவே இல்ல, போல்ட்டோட மரை வழியா மட்டும் ஏதோ கொஞ்சம் கரன்ட் போயிட்டிருந்துச்சு. எமரி பேப்பர்ல வெள்ளையா தேய்ச்சு, இறுக்கி, மேல வாசலின் தடவினேன், முடிஞ்சுது. நீங்க ஒரு படி மேல போய் 16 ஸ்கொயர் எம்எம் வயரை மைனஸ்ல இருந்து நேரா இன்ஜின் போல்ட்டுக்கே இழுத்துடுங்க, பிளஸ்ஸுக்கும் அதே வயர். லக்கை பிளையர்ல நசுக்காதீங்க, கிரிம்பிங் டூல் இருக்கிற கடைல போடுங்க.

இவ்வளவும் சரியா இருந்தும் முனகினா அப்ப மோட்டாரைக் கழட்டி கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள்ள சுத்துற பாகத்துக்கு கரன்ட் கொடுக்கிற துண்டு) தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க, பல சமயம் பிரஷ் மட்டும் மாத்தினாலே போதும்.

கேள்வி: ரெண்டு 40 வாட் ஃபாக் லைட் மாட்டினேன், ஆபீஸ் 3 கிலோமீட்டர் தான், வாரம் ஒரு தடவை செல்ஃப் எடுக்கல. ஏன்? (வாசகி, மதுரை)

பதில்: 80 வாட்னா 6 ஆம்பியர்மா. சிக்னல்ல ஐடிலிங்ல நிக்கும்போது அவ்ளோவும் உங்க வண்டியால கொடுக்க முடியாம பேட்டரில இருந்து எடுக்குது, 3 கிலோமீட்டர்ல அது திரும்ப ஏறவும் டைம் இல்ல. லைட் போட்டு ஐடிலிங்ல பேட்டரில அளந்து பாருங்க, 12.8க்குக் கீழன்னா அதான் காரணம். லைட் அணைச்சு ரேஸ் பண்ணும்போது 14 கிட்ட வந்தா சார்ஜிங் நல்லாத்தான் இருக்கு, பகல்ல ஃபாக் லைட்டை ஆஃப் பண்ணி ஓட்டுங்க.